அப்பாவின் கதிரையில் ஒரு மைக்

எங்கட வீட்டு ஃபமிலி ரூம் 16 அடி நீளம், 12 அடி அகலம், 8 அடி உயரம். மார்க்கம் பக்கம் வீடு வாங்கினவர்களுக்கு இந்த அளவு புதிதாக இருக்காது. ஒரு சோபா, ஒரு டிவி, பிள்ளைகளின் புத்தகப் பைகள், மூலையில் பெரியவருக்கு ஒரு சாய்கதிரை. இருந்து பழக நல்ல அறை. பாட்டுக் கேட்பதற்கு அவ்வளவு நல்ல அறை இல்லை என்பதும், அதற்குக் காரணம் அந்த மூன்று எண்கள்தான் என்பதும் போன விண்டரில்தான் எனக்குத் தெரிய வந்தது.

அப்பா எங்களோடு வந்து இரண்டு வருஷம். வயது 78. பின்னேரம் ஏழு மணிக்குப் பாட்டுப் போடுவது அவர் வந்த பிறகு வந்த பழக்கம். ஒரு நாள் நாதஸ்வரம், ஒரு நாள் பழைய படப் பாட்டு, வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கேட்கிறது. ஆளுக்கொரு ஸ்கிரீனோடு ஒதுங்கிப் போகிற வீட்டில் எல்லாரும் ஒரே சத்தத்தைக் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். அது கொஞ்சம் கொஞ்சமாக நின்று போகத் தொடங்கியது. அப்பாவுக்குச் சொல் விளங்காது, "கொஞ்சம் கூட்டு பிள்ளை" என்பார். கூட்டினால் அடிச்சத்தம் முழங்கும், மகள் காதைப் பொத்துவாள். குறைத்தால் அப்பாவுக்குக் கேட்காது. இப்படி இரண்டு மூன்று தரம் கூட்டிக் குறைத்த பிறகு, "விடு பிள்ளை, என்ரை காது போட்டுது. நீங்கள் கேளுங்கோ" என்று எழும்பித் தன் அறைக்குப் போய்விடுவார். அங்கே போனைக் காதோடு வைத்துக்கொண்டு தனியாகக் கேட்பார். ஜனவரியில் இரண்டு கிழமை அவர் அந்தக் கதிரைக்கே வரவில்லை.

காது மங்குகிற பெரியவர்கள் கோபித்துக்கொண்டு விலகுவதில்லை. கலியாண மண்டபம் இரைச்சல் என்பார்கள், சூமில் கதைக்கிறது விளங்குதில்லை என்பார்கள், பிறகு சாப்பாட்டு மேசையில் சும்மா தலையாட்டத் தொடங்குவார்கள். உங்கட வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். பாட்டையும் அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய காதில் குறை இருப்பது உண்மைதான். பரிசோதனைத் தாளில் கோடு 250, 500 ஹெர்ட்ஸ் வரை நல்லாக இருக்கிறது, 2000-க்குப் பிறகு படிபோலக் கீழே இறங்குகிறது. வயதோடு வருகிற கேள்விக்குறைவு பெரும்பாலும் இப்படித்தான், உயர்ந்த சுருதிகள் முதலில் போகும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய சத்தங்கள் அந்த மேல்பக்கத்தில்தான் இருக்கின்றன. உயிரெழுத்தின் பலம் கீழே இருக்கிறது. அதனால் ஆள் பேசுவது கேட்கும், சொன்னது பாட்டா காட்டா என்பது விளங்காது. அவர் போடுகிற காது மெஷின் துவாரத்தை முழுதாக அடைக்காத வகை. மேல்சத்தத்தை அது கூட்டிக் கொடுக்கும், அடிச்சத்தம் மெஷினைத் தொடாமல் பக்கத்தால் நேரே உள்ளே போகும்.

ஆனால் அப்பா இன்னொன்றும் சொல்லிக்கொண்டே இருந்தார். "தவில் இப்பிடிக் கேக்காது பிள்ளை. ஆரோ பக்கத்து வீட்டிலை உரல் இடிக்கிற மாதிரிக் கிடக்கு." கோயில் வீதியில் வளர்ந்த மனுசன் அவர். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைத் திருவிழாவில் மணலில் இருந்து கேட்டவர். அவர் உரல் என்றால் அதில் ஏதோ இருக்கும். அதோடு இது காது போனவரின் முறைப்பாடும் இல்லை. உரல் இடிக்கிறது அடிச்சத்தம். அந்தச் சத்தத்துக்கு அவருடைய காது என்னுடையதைவிடப் பெரிய குறை ஒன்றும் இல்லை என்று தாளே சொல்கிறது.

கோயில் வீதிக்குச் சுவர் இல்லை. சத்தம் போனால் போனதுதான். அறையில் போன சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், வருகிறதும் போகிறதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீற்றர் போகும். 16 அடி என்பது 4.88 மீற்றர். அதன் இரண்டு மடங்கால் 343-ஐப் பிரித்தால் 35 வரும். அதாவது 35 ஹெர்ட்ஸ் அலை எங்கட அறையின் நீளத்துக்குள் அளவாகப் பொருந்தி, அங்கேயே நின்று ஆடும். அதன் மடங்கான 70-உம் ஆடும். 12 அடி அகலத்துக்கு 47, அதன் மடங்கு 94. 8 அடி உயரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் அதுவும் 70. இதுதான் எங்கட பிரச்சினை. நீளம் உயரத்தின் சரியான இரண்டு மடங்கு என்பதால் இரண்டு பக்கத்து அலைகளும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்கின்றன. பியானோ படிக்கிற மகள் இதை எந்தக் கணக்கும் இல்லாமல் முன்பே சொல்லியிருந்தாள்: "அம்மா, இளையராஜா பாட்டிலை பேஸ் கிற்றார் போகேக்கை ஒரு நோட் மட்டும் கத்துது." பியானோவில் தேடிப் பார்த்தோம். கீழ் சி ஷார்ப். அது கிட்டத்தட்ட 69 ஹெர்ட்ஸ்.

இப்படி நின்று ஆடுகிற அலை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. சுவரோரத்தில் அழுத்தம் அதிகம், மூலையில் எல்லாம் சேர்ந்து மிக அதிகம். நடுச்சோபாவில் 35 கிட்டத்தட்ட காணாமலே போகும். அப்பாவின் கதிரை பின்சுவரோடு ஒட்டி மூலையில். ஹீற்றர் காற்று வருகிற இடம், ஜன்னலால் டிரைவ்வேயில் யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். எங்கட வீடுகளில் பெரியவர்களின் கதிரை பெரும்பாலும் இப்படி ஒரு மூலைக்குத்தான் போகிறது. ஆக, பாட்டின் சொல் அவருக்குக் குறைவாகக் கேட்கிறது, உரல் எங்கள் எல்லாரையும்விடக் கூடுதலாகக் கேட்கிறது. சொல்லுக்காகச் சத்தத்தைக் கூட்டும்போது உரலும் சேர்ந்து கூடுகிறது.

இதற்குத்தான் டிஜிட்டல் ரூம் கரெக்‌ஷன். பெயர் பெரிது, வேலை சின்னது. ஸ்பீக்கரில் தெரிந்த ஒரு சத்தத்தைப் போட்டு, நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு மைக்கை வைத்து, போனது என்ன வந்தது என்ன என்று ஒப்பிட்டு, அறை கூட்டிய சுருதிகளை ஸ்பீக்கருக்குப் போகமுன்பே அந்த அளவு குறைத்துவிடும். உங்கட ரிசீவரில் இது ஏற்கெனவே இருக்கக்கூடும். டெனொன், மராண்ட்ஸ் என்றால் ஒடிஸி, யமஹா என்றால் வைபேஓ, சிலவற்றில் சுவீடனின் டிராக். பெட்டியோடு வருகிற சின்ன மைக்கைப் பலர் எடுத்தே பார்ப்பதில்லை, வயர்களோடு ஒரு பையில் கிடக்கும்.

எங்கட வீட்டில் ரிசீவரைப் பூட்ட வந்த தம்பி அதைச் செய்துதான் விட்டுப் போனவர். மைக்கைச் சோபாவின் நடுவில் வைத்தார். கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது: முதல் அளவு, முக்கியமான இருக்கையில். வீட்டில் முக்கியமான இருக்கை எது என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. ரிசீவர் சோபாவுக்குத் திருத்திய சத்தத்தை அப்பா மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சோபாவில் குறைவாக வருகிற அடிச்சத்தம் மூலையில் மலைபோல வரும் என்பது மைக்குக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தால்தான் தெரியும்.

நான் தானாகச் செய்கிற முறையை விட்டுவிட்டு முதலில் அறையைப் பார்க்க விரும்பினேன். ரூம் இக்யூ விசார்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மடிக்கணினியில் ஓடும். அதற்கு யூமிக் 1 என்கிற யூஎஸ்பி மைக், கனேடிய டொலரில் நூறைத் தாண்டும். ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனியாக ஒரு திருத்தக் கோப்பு வரும் என்பதால் அளவை நம்பலாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அடிச்சத்தத்துக்கு அதை நம்பி இறங்கவேண்டாம். மைக்கை ஸ்டாண்டில் பூட்டி, அப்பாவின் தலை வருகிற உயரத்தில், கதிரைக்கு மேலே வைத்தேன். "என்ன, எனக்குப் பதிலா உவரை இருத்திப்போட்டியோ?" என்று அப்பா கேட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அறையை விட்டு வந்து நின்று பார்த்தார்.

அளக்கிற சத்தம் 20 ஹெர்ட்ஸில் ஒரு உறுமலாகத் தொடங்கி 20,000 வரை சீறிக்கொண்டு ஏறும். நான் நீளமானதைத் தெரிவு செய்தேன், இருபது வினாடிக்கு மேல் போகும். 70-ஐத் தாண்டும்போது ஜன்னலோர மேசையில் இருந்த கண்ணாடிக் கிண்ணம் கிலுகிலுத்தது. பிறகு ஏறி ஏறி மேலே போனது. "முடிஞ்சுதோ?" என்றார் அப்பா. பிள்ளைகள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எனக்கு இன்னும் மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எனக்கும் நின்றது, அவர்கள் இன்னும் கையை எடுக்கவில்லை. மூன்று தலைமுறையின் காதும் மூன்று நான்கு வினாடிக்குள் அடுத்தடுத்து முடிந்தது. அப்பா பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். "இன்னும் கேக்குதோ உங்களுக்கு?" என்று கேட்டார். மகன் தலையாட்டினான். அப்பா சிரித்துவிட்டு, "நல்லாக் கேளுங்கோ" என்றார். அதற்குமேல் யாரும் ஒன்றும் கதைக்கவில்லை, நான் அடுத்த அளவுக்கு மைக்கை நகர்த்தினேன்.

வரைபடத்தில் 70-இல் ஒரு கோபுரம். பக்கத்துச் சுருதிகளைவிட 12 டெசிபெல் மேலே. 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். அதைவிட மோசம், நேரத்தைக் காட்டுகிற படத்தில் மற்றச் சத்தங்கள் அடங்கிய பிறகும் 70 மட்டும் இழுத்துக்கொண்டே போனது. தவிலின் தொப்பியில் ஒரு அடி விழுந்து அது அடங்க முன்பே அடுத்தது விழுகிறது. அப்பா சொன்ன உரல் இதுதான். படத்தைக் காட்டினேன். "அப்ப என்ரை காது இல்லையோ?" என்று கேட்டார். காதும் இருக்கிறது, அறையும் இருக்கிறது என்று சொன்னேன். அறையைத் திருத்தலாம்.

ஃபில்டர் போடமுன் காசில்லாமல் செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது. அதைச் செய்யாமல் கணினியைத் திறப்பது, வெடித்த சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி. முதலாவது கதிரை. பின்சுவரில் இருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்தோம். அவ்வளவுதான், 70-இல் நாலைந்து டெசிபெல் விழுந்தது. ஜன்னலும் தெரியும், ஹீற்றர் காற்றும் வரும் என்று உறுதிப்படுத்திய பிறகுதான் அப்பா சம்மதித்தார். இரண்டாவது சப்வூஃபர். அது முன்மூலையில் இருந்தது. மூலையில் வைத்தால் அறையின் எல்லா அலைகளையும் அது எழுப்பிவிடும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி: சப்வூஃபரைத் தூக்கி ஆள் இருக்கிற இடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் சுவரோரமாக நிலத்தில் தவழ்ந்து, எங்கே அடிச்சத்தம் சீராகக் கேட்கிறது என்று பார்ப்பது. அந்த இடத்தில் சப்வூஃபரைக் கொண்டுபோய் வைத்தால் கதிரையில் அதே சத்தம் கேட்கும். எங்கட வீட்டில் சப்வூஃபர் கதிரையில் ராசா மாதிரி இருக்க, ஒன்பது வயது மகன் தவழ்ந்தான், பின்னால் நான். அப்பா சோபாவில் இருந்து கட்டளை போட்டார். முன்சுவரின் நடுப்பகுதி, டிவி மேசைக்குப் பக்கத்தில் நல்ல இடம் கிடைத்தது. அகலத்தின் நடுவில் வைத்தால் 47 எழும்பாது என்று கணக்கும் சொல்கிறது.

மிச்சத்துக்குத்தான் ஃபில்டர். 70-இல் 7 டெசிபெல் வெட்டினேன், ஒடுக்கமாக, பக்கத்துச் சுருதிகளைத் தொடாமல். 94-இல் கொஞ்சம். இந்த அடிப்பகுதியில் மேட்டை வெட்டினால் அது இழுபடுகிற நேரமும் சேர்ந்து குறையும், அது ஒரு நல்ல விஷயம். 55 பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. "அதை நிரப்பலாம்தானே?" என்று மகன் கேட்டான், நியாயமான கேள்வி. பள்ளம் என்பது இரண்டு அலைகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கிற இடம். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும், அழிவு அப்படியே இருக்கும். 10 டெசிபெல் கூட்ட அம்ப்ளிஃபையர் பத்து மடங்கு பவர் கொடுக்கவேணும். அது ஸ்பீக்கரைச் சூடாக்கும், பள்ளம் நிரம்பாது. மேட்டை வெட்டு, பள்ளத்தை விடு. அவ்வளவுதான்.

மேலே எவ்வளவு தூரம் திருத்துவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. எங்கட அளவு அறையில் கிட்டத்தட்ட 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறையின் ஆட்சி. இந்த எல்லைக்கு மன்ஃபிரெட் ஷ்ரோடர் என்கிற ஜெர்மன் விஞ்ஞானியின் பெயர். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 1965 முதல் 1991 வரை வேலை செய்த ஃபிளொயிட் டூல், நல்ல ஸ்பீக்கரின் மேல்பகுதியை அறையில் எடுத்த அளவை வைத்து நோண்டவேண்டாம் என்கிற பக்கம். மைக் வருகிற சத்தத்தையெல்லாம் கூட்டி எழுதும், காதும் மூளையும் நேரே வந்ததையும் சுவரில் பட்டு வந்ததையும் பிரித்துக் கேட்கும் என்பது அவருடைய நியாயம். எனக்கு அது சரியாகப் படுகிறது. நான் 250-க்கு மேலே ஒன்றும் தொடவில்லை.

தானாகத் திருத்துகிற முறைகளை வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தைப் பார்க்கவேணும். சிலவற்றில் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே ஒரு சின்னக் குழி வைத்திருப்பார்கள், சத்தம் மென்மையாக இருக்கட்டும் என்று. அப்பாவின் வயதுக் காதுக்கு அந்த இடத்தில் குறைக்கக்கூடாது, ஆப் இருந்தால் அதை நிறுத்தலாம். இன்னொன்று, சின்னச் சத்தத்தில் கேட்கும்போது அடிச்சத்தத்தைத் தானாகக் கூட்டுகிற வசதி. உரல் உள்ள வீட்டில் அதையும் நிறுத்துங்கோ. காது மெஷினில் பேச்சுக்கு ஒரு புரோகிராம், பாட்டுக்கு ஒரு புரோகிராம் என்று வைக்கலாம். பேச்சுக்கானது நாதஸ்வரத்தின் நீண்ட சுரத்தை இரைச்சல் என்றோ விசில் என்றோ நினைத்து அமுக்கப் பார்க்கும். கேட்டால் செய்து தருவார்கள், நாங்கள் கேட்ட பிறகுதான் செய்தார்கள்.

எல்லாம் முடிந்த பின்னேரம் தட்சிணாமூர்த்தியைப் போட்டேன். பழைய ஒலிப்பதிவு, சீறலும் இருக்கிறது. முதல் வித்தியாசம் சத்தத்தைக் கூட்டக் கூடியதாக இருந்தது. வழக்கத்தைவிட ஆறு டெசிபெல் கூட்டியும் மகள் காதைப் பொத்தவில்லை, கிண்ணமும் கிலுங்கவில்லை. தொப்பியில் விழுந்த அடி விழுந்து நின்றது, வலந்தலையில் விரல்கூடு படுகிற சத்தம் தனியாகத் தெரிந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். "இப்ப அடிக்கிறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் முழுதும் இருந்து கேட்டார்.

படப் பாட்டுகளின் சொல் அவருக்கு இன்னும் முழுதாக விளங்குவதில்லை. அதை எந்த ஃபில்டரும் செய்யாது. அறையின் எதிரொலியையும் ஃபில்டர் எடுக்காது. அதற்கு வெறும் மரத்தரையில் ஒரு தடித்த கார்ப்பெற் போட்டோம், ஜன்னலுக்குப் பாரமான திரை. பழைய பாட்டுகள் அவருக்குப் பாடம் என்பதால் விளங்காத இடத்தை அவரே நிரப்பிக்கொள்கிறார். புதுப் பாட்டு என்றால் பேத்தியிடம், "என்னவாம் சொல்லுறான்?" என்று கேட்பார். அவள் தமிழில் சொல்லப் பாடுபடுவாள்.

ஒரு சண்டை மட்டும் மிச்சம். அப்பாவின் கதிரைக்குத் திருத்தியதால் சோபாவில் அடிச்சத்தம் மெலிந்துபோனது. படம் பார்க்கும்போது வெடிக்கிறது வெடிக்கிற மாதிரி இல்லை என்று மகனும் அவனுடைய அப்பாவும் ஒரே கட்சி. எங்கட ரிசீவரில் இரண்டு அமைப்பைச் சேமிக்கலாம் என்பதால் ஒன்றை அம்மப்பாவுக்கும் மற்றதைச் சோபாவுக்கும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்ற ரிமோட்டில் பட்டன் இல்லை, போனில் ஆப்பைத் திறந்து மூன்று இடம் தட்டவேணும். அப்பா அதைப் பழகமாட்டேன் என்கிறார். ஏழு மணிக்குக் கதிரையில் இருந்துகொண்டு, "பிள்ளை, என்ரை சத்தத்தைப் போடு" என்று பேத்தியைக் கூப்பிடுகிறார்.